கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஓடுமா?

போன இதழில் தேனீ பற்றி எழுதினேன். இந்த முறை கம்ப்யூட்டர். "பொம்பளைப் பிள்ளைக்கு கேம் எதுக்கு?" என்று சில பேர் கேட்பது இப்பவே காதில் விழுகிறது. கேட்கட்டும்.

என் பெரியம்மா மகன் அண்ணன் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். 2025-இல் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் படம் வரையலாம், சாயந்திரம் அவர் கேம் ஆடலாம் என்று பேச்சு. ஆனால் வந்த அன்னைக்கே கேம் விட்டு விட்டுத்தான் ஓடுச்சு. காரைத் திருப்பினால் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்புது. "ரெண்டு வருஷச் சீட்டு போச்சே" என்று பெரியம்மா அன்னைக்குச் சாப்பிடவே இல்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு போடணும், இன்னும் பணம் ஆகும் என்று கடையில் சொல்லிட்டாங்க. அது உண்மையா என்று பார்க்கத்தான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. கேம் வழுக்கிக்கொண்டு ஓட நொடிக்கு 60 படம் வேண்டும். அப்படியானால் ஒரு நொடியில் 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளுக்கு நிறம் போடணும். (இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டேன்.) இந்த வேலையைச் செய்யத்தான் கிராபிக்ஸ் கார்டு. ஆனால் சில பிராசஸர்களில் அந்தப் பகுதி உள்ளேயே இருக்கிறது. ஏ.எம்.டி. கம்பெனி 2006-இல் ஏ.டி.ஐ. என்ற கிராபிக்ஸ் கம்பெனியை வாங்கியது. 2011 முதல் இரண்டையும் ஒரே சில்லில் சேர்த்து விற்கிறது. கார்டு இல்லாததால் பணம் மிச்சம், இடமும் மிச்சம். மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான், நம் ஸ்கேலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே! அந்த மாதிரி சின்ன கேபினெட்டுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

வாங்கும்போது பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ரைசன் 5 5600ஜி என்றால் உள்ளே வேகா 7 கிராபிக்ஸ் உண்டு. வெறும் 5600 என்றால் கிராபிக்ஸே கிடையாது, கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. இன்டெல்லில் ஐ5 12400எஃப் அப்படித்தான். எஃப் இல்லாத 12400-இல் யு.எச்.டி. 730 இருக்கிறது. பாடத்துக்கும் வீடியோவுக்கும் அது போதும், கேமுக்கு வேகா 7 அளவு வராது. ரைசன் 5 7600-இலும் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் இரண்டே பிரிவு, படம் காட்ட மட்டும். 2024-இல் வந்த 8600ஜி-யில் எட்டுப் பிரிவு. எண் பெரிசு என்று நம்பி வாங்கினால் ஏமாந்து போவோம்.

அண்ணன் வாங்கியது 5600ஜி. சரியான பிராசஸர்தான்! அப்புறம் ஏன் திணறுச்சு?

தனி கார்டு என்பது வீட்டுக்குள்ளேயே குழாய் இருப்பது போல. அதற்குச் சொந்த நினைவகம் உண்டு. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸருக்கோ தெருக்குழாய்தான். பிராசஸரும் கிராபிக்சும் ஒரே ராமில் வந்து குடம் வைக்கணும். டி.டி.ஆர்.4 3200 ராம் ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரும். ஜி.டி.எக்ஸ். 1650 என்ற சாதாரண கார்டின் நினைவகமே 128 ஜி.பி. தரும். வித்தியாசம் பாருங்கள். ஆனால் ஒரே மாதிரி ராம் இரண்டு போட்டால் இரண்டு குழாயும் ஒன்றாகத் திறக்கும், 51.2 ஜி.பி. ஆகிவிடும். இதற்கு டூயல் சேனல் என்று பெயர்.

அண்ணன் பெட்டியில் 16 ஜி.பி. ராம் ஒன்றே ஒன்று. இன்னொன்று அப்புறம் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார். 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. தொட்டி பெரிசுதான், குழாய் ஒன்று! 8 ஜி.பி. இரண்டு போட்டாலும் தொட்டி அதே 16 தானே என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் தெரிந்தவரிடம் பேசி, கையில் இருந்ததைக் கொடுத்து இரண்டு 8 ஜி.பி.யாக மாற்றினார். காசு கூட ஆகலை.

அதற்காக 4 ஜி.பி. இரண்டு போட்டுடாதீங்க. கிராபிக்ஸ் தன் பங்கை அதிலிருந்துதான் எடுக்கும், மிச்சம் பத்தாது. மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடணும். சின்ன போர்டில் இரண்டே ஸ்லாட், குழப்பம் இல்லை.

8600ஜி இதைவிட நல்லா ஓடும். அதற்கு டி.டி.ஆர்.5 ராமும் புது மதர்போர்டும் வேண்டும், செலவு ஏறும். பின்னால் கார்டு போடத்தான் போகிறோம் என்றால் 5600ஜி-யை விட வெறும் 5600 மேல். அதில் கேஷ் நினைவகம் 32 எம்.பி., ஜி-யில் 16 தான்.

இப்போது கார் திருப்பின உடனே திரும்புது. தரத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறோம். புதிதாக வரும் பெரிய கேம் எல்லாம் இதில் ஓடாது, பொய் சொல்ல மாட்டேன். பெரியம்மா இன்னும் "சீட்டுக் காசு" என்றுதான் அந்தப் பெட்டியைக் கூப்பிடுகிறார்.

யார் வீட்டிலாவது வாங்குவதாக இருந்தால், பில் போடும் முன் கடையில் எழுதித் தரும் சீட்டை என்னிடம் காட்டுங்க. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் இருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி