இல்லத்திரையும் லேசர் ஒளியும்

இல்லத்தில் திரைப்படம் காண லேசர் புரொஜெக்டர் வாங்கக் கருதுவோர், முதற்கண் புள்ளிகளின் தொகையையும் ஒளியின் அளவையுமே வினவுகின்றனர். கையிலுள்ள பெரும்பொருளைச் செலவிட்ட பின்னர், படம் சாம்பல் பூத்தாற்போல் தோன்றக்கண்டு வருந்துவோரும் அவருட் பலர். கருவியை ஆராயுமுன் அறையை ஆராய்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

அஃது எவ்வாறெனின், புரொஜெக்டர் ஒளியை வீசவல்லதேயன்றி இருளை வீசவல்லதன்று. படத்திற் காணும் கருமையாவது திரையில் ஒளி விழாத இடமே. ஆகலின், அறைவெளிச்சத்தில் திரை எத்துணை வெளுத்துத் தோன்றுமோ, அத்துணையே படத்தின் கருமையும் வெளுக்கும். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள அகலத்திரையின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. டிஜிட்டல் திரையரங்கிற்கு விதித்த பிரகாசமோ 14 அடி-லாம்பர்ட். அஃதாவது சாதாரண வெண்டிரையிற் சதுர அடிக்கு 14 லூமென். பெருக்க வருவது 420. நிறத்தைச் செம்மைப்படுத்துங்கால் ஒளி குறைதலையும், கருவி நாளடைவில் மங்குதலையும் கருதினும், நன்கு இருட்டிய அறைக்கு 1500 லூமென் குறைவன்று. சாளரங்களை மூடவியலாத கூடத்திற்கோ அதனினும் பன்மடங்கு வேண்டும். மேலிருந்து வரும் வெளிச்சத்தை விலக்கும் தனித்திரையும் வேண்டும். அத்திரையின் விலையைப் பலர் கணக்கிற் சேர்ப்பதில்லை.

நிற்க. 4கே என்பது 3840 × 2160, ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். இல்லக்கருவிகள் பலவற்றுள் 1920 × 1080 கண்ணாடிகளே உள. அவை தரும் படத்தை நொடிப்பொழுதிற்குள் நான்கு நிலைகளில் நகர்த்தித் தொகையை நிரப்புவர். இதனை ஏமாற்று என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கூறோம். ஏனெனில், காண்போர் அமரும் தொலைவே இதனினும் பெரிதாம். குறையற்ற கண் பிரித்தறியும் நுண்மை, பாகையில் 60-இல் ஒரு பங்கு. அக்கணக்கின்படி, 100 அங்குலத் திரையில் 4கே நுண்மையை முழுதும் காண ஏறக்குறைய 6½ அடியில் அமர்தல் வேண்டும். 13 அடிக்கு அப்பால் அமர்ந்தார்க்கு 1920 × 1080 படமும் அதுவும் ஒன்றே.

விளக்குக் கருவிகளின் விளக்கைச் சில ஆயிரம் மணிக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். லேசருக்கு 20,000 மணி என்பர். அஃது ஒளி பாதியாகக் குறையும் காலமேயாம். லேசர் பழுதுறின் விளக்கைப்போல் நாமே மாற்றவியலாது. ஆதலின் பொறுப்புக்காலத்தை எழுத்திற் பெறுக. நீல லேசரொன்றே பாஸ்பரத்தில் மோதி ஏனைய நிறங்களைத் தருவது ஒருவகை. செம்மை, பசுமை, நீலம் மூன்றற்கும் தனித்தனி லேசருடையது மற்றொருவகை; இதன் நிறவளம் பெரிது, எனினும் சில திரைகளிற் பொடிப்பொடியாக மினுக்கம் தோன்றும். முன்பு பலகாற் கண்ட படமொன்றைக் கொண்டுசென்று கடையிலேயே ஓட்டிப் பார்த்தல் நன்று.

சிறுவர் உள்ள வீட்டார் திரையின் அடியிலேயே வைக்கும் குறுந்தொலைவுக் கருவியை வாங்குவாராயின், எவரேனும் அணுகியவுடன் ஒளியைத் தானே தாழ்த்தும் அமைப்பு அதில் உண்டா என வினவுக. அக்கருவியின் வில்லை சிறுவர் குனிந்து நோக்கும் உயரத்திலேயே இருக்கும்.