நடப்பதா, வண்டியில் போவதா?
(கோல்ஃப் மரபும் ஒரு வழக்கும் – ஒரு சிறு ஆய்வு)



கோல்ஃப் என்ற ஆட்டத்தை நம்மில் பலரும் டி.வி.யில் சேனல் மாற்றும்போது இரண்டு நிமிஷம் பார்த்திருப்போம், அவ்வளவுதான். நமக்குப் பக்கத்தில் என்று சொல்லப்போனால் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம்ம பகுதியும் திருவிதாங்கூரோடுதானே இருந்தது! ஆனாலும் ராஜா காலத்து அந்த ஆட்டம் கடியப்பட்டணம் கடற்கரைக்கு வந்து சேரவில்லை.

அப்படியிருக்க, கடற்கரை ஊர்க்காரன் ஒருவன் இதைப்பற்றி ஏன் எழுத வேண்டும்? “ஆட்டக்காரன் நடந்துதான் ஆக வேண்டுமா, வண்டியில் போகலாமா?” என்ற சின்னக் கேள்வி ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இதை எங்க ஊருல சொன்னப்ப, “குச்சிய வச்சு பந்த அடிக்கதுக்கு கோர்ட்டுக்கா போவாவ?” என்று சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி டிப்ளமோ படிக்கிற நம்மையும் தொடுகிற ஒன்று. எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டம் எப்படி?

பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஆரம்ப இடத்திலிருந்து பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் போட வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயித்தவர். ஒருவர் 14 மட்டை வரை கொண்டு போகலாம். ஒரு சுற்று முடிக்கச் சுமார் 8 கிலோமீட்டர் நடை, நாலைந்து மணி நேரம் ஆகும்.

மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவருக்கு ‘கேடி’ என்று பெயர். உடனே போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கேடி லிஸ்டை நினைத்துவிட வேண்டாம்! இவர் உழைப்பாளி. பந்து எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் என்று ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொல்பவரும் இவரே. பெங்களூரைச் சேர்ந்த முனியப்பா இப்படிப் பை சுமந்தவர்தான். 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார்.

நடைதான் மரபா?

ஸ்காட்லாந்தில் லீத் என்ற இடத்தில் 1744-ல் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகளை எழுதி வைத்தார்கள். அன்றைக்கு வண்டியும் இல்லை, மோட்டாரும் இல்லை. நடப்பதைத் தவிர வேறு வழியில்லாததால் எல்லோரும் நடந்தார்கள். அமெரிக்காவில் 1950-களில் பேட்டரி வண்டிகள் பரவின. வயதானவர்களுக்கு வசதி, கிளப்புக்கு வாடகை வருமானம். வண்டி வந்த இடத்தில் பை சுமப்பவர்களுக்கு வேலை குறைந்தது. அதனால் மரபுக்காக வாதாடுகிறவர்கள் எல்லோரையும் வெறும் பழைமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. நடந்தால்தான் காற்றும் மண்ணும் சரிவும் காலுக்குப் புரியும் என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வண்டி வந்த பிறகும் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் நடந்துதான் ஆட வேண்டும் என்று அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் அமைப்பு விதி வைத்திருந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது.

கேசி மார்ட்டின்

1972-ல் பிறந்த கேசி மார்ட்டின் ஓரிகன் மாநிலத்துக்காரர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டைகர் வுட்ஸுடன் ஒரே அணியில் ஆடியவர். பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. நடக்க நடக்க வலி கூடும். எலும்பு முறியவோ, காலையே எடுக்கவோ நேரலாம் என்ற ஆபத்தும் இருந்தது.

1997-ல் தகுதிப் போட்டியின் முதல் இரண்டு கட்டங்களில் யார் வேண்டுமானாலும் வண்டியில் போகலாம் என்றிருந்தது. மூன்றாம் கட்டத்தில் மட்டும் அனுமதி இல்லை. இவர் வண்டி கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1990-ம் ஆண்டின் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்.

இரண்டு பக்க வாதம்

டூர் அமைப்பு சொன்னது: களைப்பும் ஆட்டத்தின் ஒரு பகுதி. களைத்த உடம்போடு கடைசிக் குழியில் கை நடுங்காமல் அடிப்பவனே வீரன். ஒருவனுக்கு மட்டும் வண்டி கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம். ஜாக் நிக்லஸ், அர்னால்டு பால்மர் போன்ற ஜாம்பவான்களே இந்தப் பக்கம் சாட்சி சொன்னார்கள்.

மார்ட்டின் பக்கம் சொன்னது: ஆட்டத்தின் பொது விதிப் புத்தகம் வண்டியைத் தடை செய்யவே இல்லை. இதே அமைப்பு நடத்தும் மூத்தோர் போட்டியில் வண்டி உண்டு. அப்படியானால் நடை எப்படி ஆட்டத்தின் உயிர் ஆகும்?

விசாரணையில் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். 8 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில், இடையிடையே நின்று நடப்பதற்குச் செலவாவது சுமார் 500 கலோரிதான். வண்டி இருந்தாலும் மார்ட்டின் ஒரு மைலுக்கு மேல் நடந்தே தீர வேண்டும். மற்றவர்கள் முழுச் சுற்றும் நடந்து படும் களைப்பை விட, அந்தக் காலோடு இவர் படும் களைப்பு அதிகம்!

தீர்ப்பு

2001 மே 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் மார்ட்டினுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆட்டத்தின் சாரம் மட்டையால் பந்தை அடித்துக் குழியில் போடுவதுதான், நடப்பது அல்ல என்று எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ். எல்லோருக்கும் ஒரே நிலைமை என்பதும் நடவாத காரியம். காலையில் ஆடுபவனுக்குக் காற்று இராது, மத்தியானம் ஆடுபவனுக்கு இருக்கும். கடற்கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த விளையாட்டின் விதியும் மனிதன் இஷ்டத்துக்கு வைத்ததுதான், எது சாரம் எது சாரமில்லை என்று கோர்ட் எப்படிச் சொல்லும் என்று கேட்டார். கூர்மையான கேள்விதான். என் மனசுக்குப் படுவது இது: விதியை வைப்பவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த விதியால் ஒருவன் வாசலிலேயே நிற்க வேண்டி வந்தால், “இது எதைக் காக்கிறது?” என்று கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு.

தீர்ப்பால் மரபு அழிந்துவிடவில்லை. மார்ட்டினின் அதே ஓரிகனில் 1999-ல் திறந்த பேண்டன் டியூன்ஸ் மைதானத்தில் எல்லோரும் நடந்துதான் ஆட வேண்டும், உடல் இயலாதவர்களுக்கு மட்டும் வண்டி உண்டு. மரபும் இருக்கிறது, மனிதனும் இருக்கிறான். மார்ட்டின் பிற்பாடு ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆனார். 2021-ல் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கேட்டது சொகுசுக்கு அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம்ம பக்கம் வருவோம்

எங்க ஊரில் ஒருகாலத்தில் துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போனார்கள், இப்போது மோட்டார். அதனால் இது மீன்பிடித் தொழிலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நீரோட்டம் பார்க்கிற கண்ணும், வலை விடுகிற நேரம் தெரிந்த மனசும்தான் தொழில். ஆனால் துடுப்புப் போடும் படகுப் போட்டியில் ஒருவர் மோட்டார் கேட்டால் கொடுக்க முடியுமா? முடியாது. அங்கே துடுப்புதான் போட்டியே. ஆக, எல்லா விதியையும் தளர்த்து என்பதல்ல பாடம். எதைச் சோதிக்கிறோம் என்று முதலில் தெளிவாகு என்பதே பாடம்.

நம் நாட்டிலும் இதே கேள்வி வந்தது. விரல் இறுகிப்போகும் நோய் உள்ள விகாஷ் குமார் சிவில் சர்வீஸ் தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரி 11-ல் நம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த வசதிக்கு 40 சதவீத ஊனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றது. தேர்வு சோதிப்பது அறிவையா, விரலையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ம் இதைத்தான் ‘நியாயமான வசதி’ என்கிறது. அளவுக்கு மீறிய சுமை ஆகாதபடி, தேவையான மாற்றத்தைச் செய்து கொடுப்பது என்று அர்த்தம்.

எங்க பக்கத்து அண்ணன் ஒருவர், பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே போனவர், ஓர் இடத்தில் தொழிற்கல்விக்கு விசாரிக்கப் போனார். “ஒர்க்ஷாப்ல நாள் முழுக்க நிக்கணுமே தம்பி, ஒனக்கு முடியுமா?” என்று கேட்டார்கள். அவர் திரும்பி வந்துவிட்டார். இன்றைக்கு வலைக்கூடத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். நின்றால் ஒரு உயரம், உட்கார்ந்தால் ஒரு உயரம், பெஞ்சைத் தாழ்த்தினால் தீர்ந்தது. உடம்பைச் சாய்த்து அரம் போடும் பலம் நிற்பதில் கூடுதல் என்பது உண்மை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கலாம். மார்க் எதற்கு? ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் தெரிகிறதா, அளவு சரியா என்பதற்குத்தானே! நின்றானா உட்கார்ந்தானா என்று அந்த இரும்புத் துண்டுக்குத் தெரியுமா?

நண்பர்களே! நாளைக்கு நாமும் சூப்பர்வைசராக, ஆசிரியராக, பட்டறை முதலாளியாக ஆவோம். விதி வைக்கும் இடத்தில் உட்காருவோம். அன்றைக்கு மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்த விதி எதைக் காக்கிறது? இதைத் தளர்த்தினால் வேலையின் தரம் கெடுமா, வழக்கம் மட்டும்தான் மாறுமா? இதனால் வாசலில் நிற்பவர் யார்?

நடக்க முடிந்தவன் நடக்கட்டும், அது நல்ல மரபு. முடியாதவனுக்கு வண்டி கொடுப்போம். பந்தை அவன்தானே அடிக்கப் போகிறான்!