சாம்பார் மணக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஆவடியை அடுத்த அரசுப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வீட்டுச் சமையலைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது ஒரு மாணவி, 'மை மதர்ஸ் சாம்பார் ஸ்மெல்ஸ்' என்று எழுதியிருந்தாள். அம்மாவின் சாம்பார் மணக்கும் என்று பெருமையாகச் சொல்ல வந்தவள் அவள். ஆங்கிலேயர் படித்தால் சாம்பார் ஊசிப்போயிற்று என்றே கொள்வார். எழுவாய், வினை, ஒருமைக்குரிய 'எஸ்' எல்லாம் சரியாக இருக்கின்றன. வெறுமனே சிவப்பு மையில் சுழித்தால் அவளுக்கு என்ன விளங்கும்?

'மணக்கிறது' என்னும் தமிழ் வினைக்குள்ளேயே 'நல்ல' என்பது அடங்கிவிட்டது. 'நாறுகிறது' என்பதற்குள் 'கெட்ட'. ஆங்கில 'ஸ்மெல்' இரண்டுக்கும் பொது. தனியே நின்றால் கெட்ட பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே 'ஸ்மெல்ஸ் குட்' என்று அடை தேவைப்படுகிறது.

அடுத்த சிக்கல் அந்த அடையில்தான். 'இனிமையாக மணக்கிறது' என்று தமிழில் எண்ணும் பிள்ளை, 'ஆக' வந்தால் 'லி' என்று நாம் சொல்லிக் கொடுத்தபடி 'ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி' என்று எழுதுகிறது. இங்கே 'ஸ்வீட்' பூவைக் குறிக்கும் பெயரடை. 'ஸ்மெல்ஸ்' இருக்கும் இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'தி ஜாஸ்மின் இஸ் ஸ்வீட்' நிற்கும், 'ஸ்வீட்லி' நிற்காது. முகர்ந்து பார்க்கும் செயலானால் வினையடை வரலாம்: 'ஷி ஸ்மெல்ட் தி மில்க் கேர்ஃபுலி.'

தமிழில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 'கேஸ் வாடை வருது' என்கிறோம். அதில் முகர்பவரே இல்லை. 'கேஸ் ஸ்மெல் இஸ் கமிங்' என்று பிள்ளைகள் (சில நேரம் ஆசிரியர் அறையிலும்!) சொல்வது இதனால்தான். ஆங்கிலம் ஆளை முன்னே நிறுத்தும்: 'ஐ கேன் ஸ்மெல் கேஸ்.'

பிரெஞ்சிலும் முகர்வதற்கும் மணப்பதற்கும் 'சான்தீர்' என்ற ஒரே வினைதான், உணர்தலுக்கும் அதுவே. 'சான்தீர் போன்' என்றால் நன்றாக மணத்தல். பிரெஞ்சில் பெயரடை எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். ஆனால் பூக்கள் பன்மையானாலும் இந்தப் 'போன்' மாறாது. வினையடை போலவே நிற்கிறது. இந்த ஓரிடத்தில் நம் 'நன்றாக'வுக்குப் பிரெஞ்சே நெருக்கம்.

'நாற்றம்' ஒருகாலத்தில் பொதுச்சொல். திருக்குறள் 27ஆம் குறளில் ஐம்புல உணர்வுகளுள் ஒன்றாக, நல்லது கெட்டது என்ற வேறுபாடின்றி வருகிறது. ஆங்கில 'ஸ்டெஞ்ச்' சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியதே.

இதை வகுப்பில் நடத்த நம் ஊர்களே போதும். திருமுல்லைவாயிலின் பெயரிலேயே முல்லை இருக்கிறது; பூவிருந்தவல்லியில் பூ. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெயின்ட் நெடி, முதல் மழையின் மண்வாசனை, சந்தையின் மீன் கவிச்சி என்று பிள்ளைகளே பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றையும் ஆங்கிலமாக்கினோம். 'கவிச்சி'யில் நின்றுவிட்டோம். 'ஃபிஷி ஸ்மெல்' என்றான் ஒருவன். "அப்போ முட்டைக் கவிச்சிக்கு என்ன மிஸ்?" என்று பின் வரிசையிலிருந்து கேள்வி வந்தது.