பந்தயத்துக்கு முன் பிக்கப்பின் பாரம் குறைய

கட்டுக்குருந்த ஓடுபாதையில் தம் பிக்கப்பின் வேகத்தைப் பரீட்சிக்க விழையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அன்பர்கள், பஞ்சிகாவத்தைக் கடைகளில் இயந்திரப் பாகங்களுக்குப் பணத்தை விரயம் செய்யுமுன், வாகனம் வீணே சுமக்கும் பாரத்தை இறக்கிப் பார்ப்பது உசிதம்.

1. ஸ்பெயார் டயர், ஜாக்கி, ஆசனத்தின் பின்னே நிரந்தர வாசம் செய்யும் பழைய குடை ஆகியவற்றை ஓடுபாதையருகே இறக்கி வையுங்கள். செலவின்றிக் குறையும் பாரம் இதுவே.

2. பெற்றோலை அளவாக நிரப்புங்கள். 40 லீற்றர் ஏறக்குறைய 30 கிலோ, கால்மைல் ஓட்டமோ 402 மீற்றர் மாத்திரமே.

3. முன்னேயுள்ள இரும்புப் புல்பாரை முதலிற் கழற்றுங்கள். வெறும் தட்டுடைய பிக்கப்பின் பின்புறம் இயல்பிலேயே இலேசானதாகையால், அங்கு மேலும் குறைத்தால், வாகனத்தை உந்தும் பின்சில்லுகள் பிடிமானமின்றிச் சுழலும்.

4. பிரேக்கையும் ஆசனப்பட்டியையும் தொடாதீர்கள். அவை பாரமல்ல, பிராணன்.

5. காலி வீதிக்குத் திரும்புமுன் ஸ்பெயார் டயரை மறவாமல் ஏற்றுங்கள். ஆணிகள் பந்தயம் முடிந்ததை அறியா.