அட்டவணை உருவாகவில்லையா? மூன்று வழிகளில் எது உங்களுக்கு ஏற்றது?

மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் பதிந்து வைக்க, பைதனின் எஸ்கியூஎல்அல்கெமி கொண்டு ஒரு மாணவர் குழு தரவுத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பாலமீன்மடு, காத்தான்குடி, மண்முனை என இடங்களுக்கு ஓர் அட்டவணை, அன்றன்றைய பிடிக்கு இன்னொன்று. ஓட்டிப் பார்த்தால் ‘நோ சச் டேபிள்’ என்று பிழை வருகிறது.

முதலில் காரணம்

எஞ்சினில் ‘எக்கோ=ட்ரூ’ போட்டு ஓட்டுங்கள். ‘கிரியேட் டேபிள்’ வரியே வரவில்லையென்றால், மொடல்கள் உள்ள கோப்பை இம்போர்ட் செய்யாமலே ‘கிரியேட்_ஆல்’ அழைத்திருக்கலாம். மெட்டாடேட்டா வெறுமையாக இருந்தால் ‘கிரியேட்_ஆல்’ பிழை சொல்லாது, சும்மா முடிந்துவிடும். வரி வந்தும் அட்டவணையைக் காணவில்லையென்றால், தரவுத்தளம் எஸ்கியூலைட்டாக இருந்தால் அதன் கோப்புப் பாதையைப் பாருங்கள். முழுப் பாதை கொடுக்காமல் வேறு கோப்புறையிலிருந்து ஓட்டினால் அங்கே புதிதாக ஒரு வெற்றுக் கோப்பு திறந்திருக்கும். ‘நோ ரெஃபரன்ஸ்ட் டேபிள்’ என்று வந்தால், ஃபொரின் கீயில் அட்டவணைப் பெயருக்குப் பதிலாகக் கிளாஸ் பெயரை எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வழி 1: கிரியேட்_ஆல்

முதன்முறை அமைக்க இதுவே போதும். ஆனால் இல்லாத அட்டவணையை மட்டும்தான் உருவாக்கும், இருப்பதைத் தொடாது. பிறகு மொடலில் ‘வலைக்கண் அளவு’ என்று ஒரு நிரல் சேர்த்து மறுபடி ஓட்டினாலும் அட்டவணை பழையபடியே இருக்கும். அடுத்த பதிவிலே அப்படி நிரல் இல்லை என்று பிழை வரும்.

வழி 2: ட்ரொப்_ஆல், பிறகு கிரியேட்_ஆல்

புது நிரல் உடனே வரும். பழைய நிரைகள் எல்லாம் போகும். சோதனைத் தரவுக்கு மட்டும்.

வழி 3: அலெம்பிக்

இது எஸ்கியூஎல்அல்கெமியோடு பயன்படும் தனிக் கருவி. ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பாக எழுதி, தரவை வைத்துக்கொண்டே அட்டவணையை மாற்றும். தொடக்கத்தில் வேலை கூடுதல். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நிரலின் பெயரை மாற்றினால், அந்தக் கோப்பைத் தானாக எழுதும் ‘ஓட்டோஜெனரேட்’, பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதாகவே எழுதும். மொடல்களை இம்போர்ட் செய்ய மறந்தால், இருக்கும் அட்டவணைகளையே நீக்கச் சொல்லும். ஆகவே மாற்றத்தைச் செயல்படுத்தும் ‘அப்கிரேட்’ கொடுக்குமுன் அந்தக் கோப்பை வரிவரியாக வாசியுங்கள். எஸ்கியூலைட் என்றால் ‘பட்ச்’ முறையையும் இயக்குங்கள்.

எதை எடுப்பது?

உள்ளே இருப்பதை மறுபடி திரட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியுமென்றால் முதல் இரண்டு வழிகளே சுருக்கம். மீனவரிடம் கேட்டெழுதிய ஒரு நாள் பிடியை அடுத்த மாதம் போய்க் கேட்டுப் பெற முடியாது. அப்படியான முதல் நிரை உள்ளே போகுமுன் அலெம்பிக்குக்கு மாறிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வையுங்கள்.