சான்றுரையும் சட்டமன்ற உறுப்பினரும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கற்படுக்கையைச் செய்தளித்தவர் யார், பெற்றவர் யார் என இருவரையும் பெயர் சுட்டி உரைக்கிறது. கொடை நிகழ்ந்தமைக்கு அக்கல்லே சான்று. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி எனச் சான்றுகளை மூவகையாகப் பகுத்தது தமிழ் மரபு. இவற்றுள் அயலார் காட்சி, கண்டவர் மன்றேறி உரைப்பதாகலின், மனிதரின் நேர்மையையே முற்றும் சார்ந்தது. அந்நேர்மைக்கு மக்கள் பிரதிநிதிகள் எவ்வளவு கட்டுப்பட்டவர்கள் என்பதை, உரிமையியல் வழக்குகளை மட்டும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

காப்பும் அதன் எல்லையும்

அவையில் பேசிய பேச்சுக்காகவும் அளித்த வாக்குக்காகவும் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர இயலாது. அரசமைப்பின் 105ஆம் உறுப்பு நாடாளுமன்றத்தார்க்கும், 194ஆம் உறுப்பு சட்டமன்றத்தார்க்கும் இக்காப்பை அளிக்கின்றன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 135அ பிரிவு, அவை கூடியிருக்கும் காலத்தும், அதற்கு முன்னும் பின்னும் 40 நாள்களும், உரிமையியல் ஆணையின்கீழ் அவர்களைக் கைது செய்வதைத் தடுக்கிறது. இது கைதுக்கு மட்டுமே தடை, வழக்குக்கு அன்று. பட்ட கடன் கடனாகவே நிற்கும்.

சாட்சிக் கூண்டில்

நீதிமன்றத்தில் நேரில் தோன்றுவதிலிருந்து அமைச்சர்க்கும் பேரவைத் தலைவர்க்கும் 133ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஏனைய உறுப்பினர் அப்பட்டியலில் இல்லை. விலக்குக் கோரியவரின் சாட்சியத்தை ஆணையர்வழிப் பதிவு செய்ய நேரின், அதனை வேண்டிய தரப்பார் செலவை ஏற்காவிடில், விலக்குப் பெற்றவரே ஏற்றல் வேண்டும். ஆகவே விலக்கு வருகைக்கே அன்றி வாய்மைக்கு இல்லை. அவை நடவடிக்கை குறித்துச் சாட்சி கூற மட்டும் அவையின் இசைவு வேண்டப்படுகிறது.

வழக்குரைஞரைப் பொறுத்தும் இவ்வேறுபாடு உண்டு. பொது ஊழியர்மீது அலுவல் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட வழக்கை அரசு ஏற்று நடத்தின், அரசு வழக்குரைஞர் தோன்றுவார். வாடகை, கடன், பாகப்பிரிவினை போன்ற சொந்த வழக்குகளுக்கோ, பதவியில் இருப்பவரும் தம் பொருள் கொண்டே வழக்குரைஞரை அமர்த்தல் வேண்டும்.

ஒரு முன்மாதிரி வழக்கு

1969இல் மக்களவையில் பூரி சங்கராச்சாரியாரைக் குறித்து நிகழ்ந்த பேச்சுகள் இழிவானவை எனக் கூறி, அவர்தம் அன்பர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டி உள்ளிட்டோர்மீது 26,000 ரூபாய் இழப்பீடு கோரினர். 1970இல் தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அவையில் பேசிய எதற்கும் காப்புண்டு எனத் தீர்ப்பளித்தது. புண்பட்டோர்க்கு நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை. பேசியவரைக் கட்டுப்படுத்துவது அவையின் ஒழுங்கே என்றாயிற்று. எனினும் இக்காப்பு கையூட்டுக்குக் கேடயம் ஆகாது என 2024இல் எழுவர் அமர்வு, சீதா சோரன் வழக்கில் தெளிவுறுத்தியது.

அறநோக்கு

தமக்கோ பெற்றோர்க்கோ உறவினர்க்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் பணிக்கிறது. கலீஃபா அலீ (ரலி) அவர்கள் தம் கவசத்துக்காகக் காழி ஷுரைஹ் முன் வழக்காடியபோது, மகனின் சாட்சியம் ஏற்கப்படாமல் வழக்கில் தோற்றார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. ஆட்சித்தலைவரும் காழியின்முன் வழக்காளி ஒருவரே.

முடிவுரை

நீதிமன்றத்தில் பொய்யுரைத்தால் தண்டனை உண்டு. அவையில் உரைத்த சொல்லை எந்நீதிமன்றமும் வினவாது. வினவுவார் இல்லாத இடத்தில் பேசும் சொல்லுக்கே மிகுந்த பொறுப்பு வேண்டும். அவைப் பேச்சையும் சான்றுரையாகவே கருதிப் பேசும் பிரதிநிதிகளாக நம் மாணவர் நாளை விளங்குவாராக.