காப்பு ரிலேயும் துணைவலை முகவரியும்

மட்டாஞ்சேரி, தோப்பும்படி பகுதியில் மின்தடை நீடித்தால் பனிக்கட்டி ஆலைகள் நின்றுபோகும். மீனவர் பிடித்துவந்த மீனின் விலை சரியும். ஆகவே மின்பாதையில் பழுது நேரும்போது பழுதுற்ற பகுதி மட்டும் துண்டிக்கப்படவேண்டும். காரணமும் உடனே தெரியவேண்டும். துண்டிக்கும்படி ஆணையிடுவது காப்பு ரிலே. முன்னாளில் அது சுழலும் தட்டும் சுருளும் கொண்ட கருவி. இன்று அது ஒரு சிறு கணினி. ஈதர்நெட் கம்பி வழியே செய்தி அனுப்புகிறது. எனவே அதற்கு முகவரி தேவையாகிறது.

முகவரியுடன் தரப்படும் மறைப்பு எண், முகவரியில் எது தெரு, எது வீடு என்று பிரித்துக் காட்டுவது. எடுத்துக்காட்டாக, ஒரு துணைமின்நிலையத்தில் மறைப்பு எண் 255.255.255.192 எனக் கொள்வோம். ஒவ்வொரு தெருவிலும் 64 எண்கள். முதலும் கடைசியும் நீங்கலாக 62 கருவிகளுக்கு இடமுண்டு. ரிலேயின் முகவரி 10.20.4.21, அது முதல் தெரு. கட்டுப்பாட்டு அறைக் கணினி 10.20.4.70, அது இரண்டாம் தெரு. இவ்விரண்டும் வாயிற்கருவி வழியாகவே பேசமுடியும்.

இப்போது ரிலேயில் மட்டும் மறைப்பு எண்ணைத் தவறுதலாக 255.255.255.0 எனப் பதித்துவிட்டதாகக் கொள்வோம். கணினியின் வினா ரிலேயை வந்தடையும். ஆனால் ரிலேயோ கணினி தன் தெருவிலேயே இருப்பதாகக் கருதி, வாயிலை நாடாமல் அக்கம்பக்கத்தில் கூவி அழைக்கும், விடை போய்ச்சேராது. பலகையருகே நின்று, அதே தெருவின் முகவரி கொண்ட கையடக்கக் கணினியால் சோதிப்பவருக்கோ எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். களத்தில் காலத்தை வீணாக்குவது இவ்வகைப் பிழையே. சோதனையைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே செய்யவேண்டும்.

ஒரே ரிலேயில் தனித்தனியே இயங்கும் இரு முனைகளுக்கு ஒரே தெருவில் முகவரி தருவதும் கூடாது. விடையை எந்த முனை வழியே அனுப்புவதென்ற குழப்பம் விளையும். ஒன்றுக்கொன்று மாற்றாக இணைந்தியங்கும் இரட்டை முனைகள் இதற்கு விலக்கு. அவற்றுக்கு முகவரி ஒன்றே.

ஆறுதலான செய்தியும் உண்டு. பழுதைக் கண்டு மின்பாதையைத் துண்டிக்கும் முடிவு ரிலேயினுள்ளேயே எடுக்கப்படுகிறது. ஐ.இ.சி. 61850 தரத்தின்படி ரிலேக்கள் தமக்குள் பரிமாறும் 'கூஸ்' எனும் விரைவுச் செய்திகளும் இம்முகவரியை நம்பியவை அல்ல. ஆகவே மறைப்பு எண் பிழைத்தாலும் காப்பு நிற்காது, கண்காணிப்புதான் குருடாகும். அதே காரணத்தால், கணினித்திரை ஒழுங்காக இருப்பது 'கூஸ்' செய்தி ஒழுங்காகச் செல்வதற்குச் சான்றாகாது. அதனைத் தனியே சோதிக்கவேண்டும்.

பகைவருக்கும் இம்முகவரிகள் வேண்டியவையே. 2016 டிசம்பரில் உக்ரைனின் கீவ் நகர மின்நிலையத்தைத் தாக்கிய தீநிரலில், ஒருவகைக் காப்பு ரிலேயைச் செயலிழக்கச்செய்யும் பகுதியும் இருந்தது. அதில் முகவரி எண்கள் தலைகீழாக அமைந்துவிட்டதால் அப்பகுதி பலிக்கவில்லை என 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறிற்று. அடுத்த முறையும் பகைவர் தவறிழைப்பார் என்று காத்திருக்க இயலாது. மத்திய மின்சார ஆணையம் 2021இல் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ரிலேக்களின் வலையை அலுவலக வலையினின்றும் பிரித்துவைத்தல், பயன்படாத முனைகளை அடைத்தல், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை செலவு மிகுந்த வேலைகள் அல்ல.

காயலோரத்து உப்புக்காற்றில் செம்பு இணைப்புகள் விரைவில் பாசம் பிடிக்கும். பலகைகளுக்கிடையே ஒளியிழையை இடுவது நலம். ஒவ்வொரு ரிலேயின் முகவரி, மறைப்பு எண், வாயில் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் திட்டமிட்டு எழுதியபின்னரே பலகையைத் திறக்கவேண்டும். அப்பட்டியலின் படி ஒன்று நிலையத்திலேயே பூட்டி வைக்கப்படவேண்டும்.